புத்தளத்துக்கு இரண்டு இடம்

தெஹிவளை,
19.01.2025

அன்புள்ள சாச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் இந்தப் பனிக்குச் சும்மா இருக்காது என்று தெரியும். படி ஏறி மாடி வகுப்புக்குப் போகாதீர்கள், பிள்ளைகளைக் கீழே வரச் சொல்லுங்கள்.

கடிதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். குரல் செய்தி அனுப்பினால், உம்மா புத்தளத்துக்கு வரும்போது உங்கள் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பார். "என்ட மகள் உனக்கு மட்டும் அப்படி என்னத்தடி செல்றாள்?" என்பார். கடிதத்தைத் திறக்க மாட்டார். கடிதம் என்றால் உம்மாவுக்கு அது அரசாங்கக் கந்தோர் விஷயம்.

முகவரியைப் பார்த்திருப்பீர்கள். நான் கம்பஸை விட்டுவிட்டேன் சாச்சி. இந்த மாதம் தொடங்கியதிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை. தெஹிவளையில் ஒரு பயிற்சி நிலையத்தில் மென்பொருள் எழுதப் பழகுகிறேன். தேர்வு வைத்துத்தான் எடுத்தார்கள்.

இயன்மருத்துவம் கஷ்டம் என்று விடவில்லை. எலும்புகளின் பெயர் எல்லாம் பாடமாகிவிட்டது. ஒருநாள் வார்டுக்குக் கூட்டிப்போய், பாரிசவாதம் வந்த ஒருவருடைய கையைத் தூக்கச் சொன்னார்கள். அவர் நோவில் முனகினார். நான் கையை விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற பிள்ளை அதே கையை வாங்கி, அவரோடு கதைத்துக் கதைத்துத் தூக்கினாள். அவளிடம் இருந்தது என்னிடம் இல்லை. நாலு வருடம் படித்தாலும் வராது.

இங்கே விரிவுரை கிடையாது. காலையில் ஒரு வேலை தருவார்கள். இரண்டிரண்டு பேராக இருந்து எழுத வேண்டும். எழுதியதை மற்றவர்கள் வாசித்துப் பிழை சொல்வார்கள். என்னோடு சேர்த்திருப்பது சிலாபத்து நிக்கொலஸ் என்பவரை. கல்யாணம் முடித்தவர், தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பார். முதல் நாள் நான் எழுதிய ப்ரோக்ராமைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது ஓடும். ஆனா நாளைக்கு நீங்களே வந்து வாசிச்சாலும் உங்களுக்கு விளங்காது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பஸில் ஒருநாளும் நான் சிரிக்கவில்லை.

நான் கம்பஸுக்கு எடுபட்டதற்கு வாப்பா மாடு அறுத்துக் கனமூலை ஊருக்கே சாப்பாடு கொடுத்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. விலகல் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு ஒரு பிரதி போகுமாம். என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்கிறபடி செய்வேன்.

துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
றுஷ்னா

*

புத்தளம்,
28.01.2025

மகள் றுஷ்னாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. மாடி வகுப்பைக் கீழே இறக்கித் தர அதிபருக்கு மனமில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. உனக்குக் குடற்புண் இருந்தது.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, விரிவுரையாளர் இல்லை. நாளைக்கு ஒருவர் நீ என்ன படித்தாய் என்று கேட்டால் எதை எடுத்துக் காட்டுவாய்? நான் காலம் முழுக்கப் பிள்ளைகளைக் கம்பஸுக்கு அனுப்பிக்கொண்டிருப்பவள். என் பேச்சில் பக்கச்சார்பு இருக்கும், அதைக் கழித்துக்கொள். கழித்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இப்படிப் புதிதாக முளைக்கிற இடங்கள் எத்தனை வந்தன, எத்தனை மூடின என்று பார்த்திருக்கிறேன்.

நோயாளியின் கையை நீ விட்டது பற்றி எழுதியிருந்தாய். மூன்றாம் தடவை வாசித்தது அதற்காகத்தான்.

ஆனால் கையெழுத்துப் போடாதே. ஒரு வருட விடுப்புக் கேள். குடற்புண்ணுக்கு மெடிக்கல் சான்றிதழ் கொடு. முழுப் பொய்யும் அல்லவே. இயன்மருத்துவத்தில் புத்தளம் மாவட்டத்துக்கு ஒதுக்கியிருப்பது இரண்டே இடம், அதில் ஒன்று உன்னுடையது. அங்கே சரிவரவில்லை என்றால் திரும்பி வர ஒரு கதவு வேண்டும். உன் பெயர் அந்தப் பதிவில் இருந்துவிட்டுப் போகட்டும். இருப்பதால் யாருக்கு என்ன நட்டம்?

ராத்தாவிடம், உன் உம்மாவிடம், நான் எதையும் சொல்லவில்லை. போன கிழமை வந்திருந்தார். "பிள்ள எலும்பெல்லாம் படிக்கிறாளாம், என்ட இடுப்ப முதல்ல பாக்கச் செல்லணும்" என்றார். நான் தேநீர் ஊற்றப் போய்விட்டேன். இப்படி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அல்லாஹ் உனக்குத் தெளிவைத் தரட்டும்.
சாச்சி ஜெமீலா

*

பள்ளிவாசல்துறை,
09.02.2025

மதிப்புக்குரிய ஜெமீலா டீச்சர்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். கற்பிட்டியில் உங்களிடம் உயிரியல் படித்த ஷஃபீனா நான். கரப்பான் பூச்சியை வெட்டச் சொன்னபோது கதிரையில் ஏறி நின்றவள் என்றால் உடனே ஞாபகம் வரும். டீச்சரிடம் போனில் கேட்பது மரியாதையில்லை என்று உம்மா சொன்னபடியால் எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதியதில் இயன்மருத்துவத்துக்கு மிகக் கிட்ட வந்து நின்றுவிட்டேன். என் கூடப்பிறந்த நானா கொழும்புக்குப் போய் விசாரித்தார். புத்தளத்து இரண்டு பேரில் ஒருவர் எழுதிக்கொடுத்து விலகினால் அடுத்த பெயர் என்னுடையதுதானாம். ஆனால் மார்ச் கடைசிக்குள் விலக வேண்டுமாம். அதற்குப் பிறகு விலகினால் அந்த இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டார்களாம், வெறுமனே கிடக்குமாம்.

கனமூலையில் இருந்து உங்கள் ராத்தாவின் மகள் எடுபட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மாஷா அல்லாஹ். அவரிடம் ஒன்று கேட்டுச் சொல்வீர்களா டீச்சர்? மற்றவர் ஃபாஹிம் என்று ஒரு பையனாம். அவர் ஒழுங்காக வகுப்புக்கு வருகிறாரா? வைத்தியத் துறையில் வேறு எதற்காவது மாறிப் போகிற எண்ணம் இருக்கிறதா? ஒருவருடைய இடத்துக்கு ஆசைப்படுவது சரியில்லை என்று தெரியும். அவர் தானாகப் போனால் மட்டும்தான்.

வாப்பாவுக்கு அப்படியேதான் இருக்கிறது. கடலட்டைக்கு முங்கப் போய்க் கால் உணர்ச்சி போனவருக்கு, இங்கே கிளினிக்கில் மாதத்துக்கு ஒருநாள் வந்து ஒருவர் காலை மடக்கி நீட்டிவிட்டுப் போகிறார். அவர் செய்வதைப் பார்த்து நானும் செய்கிறேன். "நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் எழும்பி ஓடிருவன், பிறகு ஆர்ட காலப் புடிச்சுப் பழகுவாய்?" என்று வாப்பா கேட்கிறார். "உங்கள ஓட விடாமப் புடிச்சுக் கட்டி வெச்சிட்டுத்தான் கம்பஸுக்குப் போவன்" என்றேன். உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

தொந்தரவுக்கு மன்னியுங்கள். வாப்பா சலாம் சொல்லச் சொன்னார்.

உங்கள் மாணவி,
ஷஃபீனா

*

புத்தளம்,
21.02.2025

அன்பு மாணவி ஷஃபீனாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கதிரையில் ஏறியதை மறக்கவில்லை. வாப்பாவின் சுகத்துக்கு துஆச் செய்கிறேன்.

பதில் சுணங்கிவிட்டது. நீ கேட்டதை விசாரித்தேன். ஃபாஹிம் ஒழுங்காகப் படிக்கிறார், வேறு துறைக்கு மாறும் எண்ணம் இல்லை. இரண்டு பேருடைய பெயரும் பதிவில் இருக்கிறது.

ஒரு டீச்சராக நான் சொல்வது, காலியாகிற இடத்தை நம்பி இருக்காதே. நவம்பரில் மூன்றாம் முறை எழுதுவதற்கு இப்போதே ஆயத்தம் செய். சனிக்கிழமைகளில் நான் புத்தளத்தில் மீட்டல் வகுப்பு எடுக்கிறேன், நீயும் வரலாம். போன முறை உனக்கு இரசாயனவியலில்தான் குறைந்தது.

உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என் சலாம்.
ஜெமீலா டீச்சர்

*

புத்தளம்,
22.02.2025

றுஷ்னா,

அஸ்ஸலாமு அலைக்கும். வயிறு எப்படி இருக்கிறது? நோன்பு வருகிறது, வெறும் வயிற்றில் கோப்பி குடித்து நோன்பு திறக்காதே.

விடுப்புக் கிடைத்துவிட்டது என்று செய்தி அனுப்பியிருந்தாய். நல்லது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், யோசித்து எழுது. அந்தப் படிப்புக்குத் திரும்பிப் போக உனக்கு மனம் வரவே வராதா? நூற்றுக்கு ஒரு பங்காவது வருமா?

வேறொரு விஷயமும் எழுத இருந்தேன். இப்போது நேரமில்லை, தாள் திருத்த வேண்டும்.

சாச்சி

*

தெஹிவளை,
05.03.2025

அன்புள்ள சாச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? நான் இங்கே போர்டிங்கில் கஞ்சி காய்ச்சப் பழகிவிட்டேன். முதல் நாள் அடிப்பிடித்தது. நிக்கொலஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, "நோன்பு இல்லாத எனக்கே இது தண்டன" என்றார்.

உங்கள் கேள்விக்குப் பதில், வராது. நூற்றுக்கு ஒரு பங்கும் வராது. நீங்கள் கேட்டபடியால் இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். இந்தப் பயிற்சியில் எனக்கு வேலை கிடைக்காமல் போகலாம், அது வேறு. அப்படிப் போனாலும் நான் வார்டுக்குத் திரும்ப மாட்டேன்.

இப்போது ஒரு தனியார் கிளினிக்குக்கு நேரம் பதிவுசெய்கிற ப்ரோக்ராம் எழுதுகிறோம். நோயாளி போனில் ஒரு இலக்கம் எடுப்பார், அந்த நேரத்துக்கு வருவார். நான் எழுதிய பகுதி நன்றாக ஓடியது. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் காட்டினேன். நிக்கொலஸ் கையை உயர்த்தினார். "இலக்கம் எடுத்த ஆள் வராட்டி?"

"வராட்டி வரல்லதான்" என்றேன்.

"அப்ப வெளிய நிக்கிற ஆளுக்கு அந்த நேரத்தக் குடுக்க ஏலுமா?"

ஏலாது. நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இலக்கம் எடுத்தவர் தானாக விட்டால்தான் என் ப்ரோக்ராமில் அது விடுபடும். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எல்லாம் சூடாகிவிட்டது. ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

சாச்சி, எனக்கு அடுத்து யாராவது நிற்கிறார்களா? "யாருக்கு என்ன நட்டம்" என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையிலேயே யாருக்கும் இல்லையா? புத்தளத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் உங்கள் பிள்ளைகள். இருந்தால் ஒரு வரி எழுதுங்கள், அடுத்த நாளே போய்க் கையெழுத்துப் போடுகிறேன். வாப்பா அடித்தாலும் பரவாயில்லை. யாரும் இல்லை என்றால் பெருநாள் முடிந்து வீட்டில் மெதுவாகச் சொல்கிறேன்.

கட்டாயம் எழுதுங்கள்.
றுஷ்னா

*

புத்தளம்,
07.04.2025

அன்பு மகள் றுஷ்னாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பெருநாளைக்கு நீ வராதது ராத்தாவுக்குக் குறை. "வேல செய்ற ஆஸ்பத்திரிக்காரருக்குக் கூட லீவு குடுக்கிறாங்க, படிக்கிற புள்ளைக்கு இல்லயா?" என்று உன் வாப்பா மர்ஸூக் மச்சான் கேட்டார். வட்டிலப்பம் எடுத்து வைத்து, பிறகு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உன் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை. நோன்பு, தவணைப் பரீட்சை, பிறகு எனக்குக் காய்ச்சல்.

நீ கேட்டது பற்றி. மாவட்டம் பெரியது. யார் அடுத்தது என்பதெல்லாம் கொழும்பில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். எப்படியும் மார்ச்சோடு திகதி முடிந்துவிட்டது. இனி நீ விலகினாலும் விலகாவிட்டாலும் ஒன்றுதான். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் வேலையைப் பார்.

அந்த ப்ரோக்ராமைத் திருத்திவிட்டாயா?

உடம்பைக் கவனித்துக்கொள்.
சாச்சி

*

தெஹிவளை,
30.04.2025

சாச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் காய்ச்சல் சுகமாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

திகதி முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஒரு திகதி இருப்பது எனக்குத் தெரியாது. நான் உங்களுக்கு அதை எழுதவும் இல்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று இரண்டு கிழமையாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் ஃபாஹிம் போன் எடுத்தான். "றுஷ்னா, உனக்கு வயித்து வருத்தம் சுகமா?" என்றான். ஓம் என்றேன். "பள்ளிவாசல்துறையில இருந்து ஒரு பிள்ளை மார்ச்ல எடுத்தா. ரெண்டு பேரும் வாரீங்களா எண்டு கேட்டா. நீ வருத்தத்துல லீவு எண்டு சென்னேன். பாவம், அந்தப் பிள்ளை உனக்கு சுகமாகணும் எண்டு துஆச் செய்றாவாம். ஒவ்வொரு தொழுகைக்கும் செய்வாவாம். ஜெமீலா டீச்சர்ட்ட படிச்ச பிள்ளையாம்."

பிறகு ஃபாஹிமிடம் நம்பர் வாங்கி, அவளுடன் கதைத்தேன். நான் யார் என்று சொன்னவுடன், "ராத்தா, இப்ப சாப்பாடு இறங்குதா?" என்று கேட்டாள். இறங்குது என்றேன். உங்களுக்கு பெப்ரவரியில் கடிதம் எழுதியதாக அவளாகத்தான் சொன்னாள். நீங்கள் நல்ல புத்தி சொன்னீர்களாம். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. இடம் இருந்தபோதே சொல்லாதவள் இப்போது எதைச் சொல்வது? போனை வைத்துவிட்டு அழுதேன்.

பெப்ரவரியில் அவள் கேட்டாள். மார்ச்சில் நான் கேட்டேன். நடுவில் நீங்கள் இருந்தீர்கள்.

நீங்கள் எனக்காகத்தான் செய்தீர்கள் என்று தெரியும். அதுதான் எனக்குப் பெரிய பாரம். நான் உங்களிடம் கேட்காமல் ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பயத்தில் உங்கள் பின்னால் ஒளிந்தேன். ஆகவே குற்றத்தில் எனக்கும் பாதி.

நேற்றுப் போய் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். அந்த மேசையில் இருந்தவர், "இனி ஆரையும் எடுக்க மாட்டாங்க, இது சும்மாதான் கிடக்கும்" என்றார். வாப்பாவிடம் போனில் சொன்னேன். "லெப்டொப்ப உம்மாட முன்னால திறக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நீங்கள் பயந்த அளவுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள்.

றுஷ்னா

*

புத்தளம்,
11.05.2025

ஷஃபீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ வகுப்புக்கு வருகிறாய், நேரில் பார்க்கிறேன், சலாம் சொல்கிறாய். ஆனாலும் இதைக் கடிதத்தில்தான் சொல்ல முடிகிறது. நேற்றுச் சனிக்கிழமை உன்னை நிற்கச் சொல்லிவிட்டு, பிறகு சுவாசத் தொகுதியின் படத்தைத் திருப்பித் தந்து அனுப்பிவிட்டேன். அதற்காக நிறுத்தவில்லை.

என் ராத்தாவின் மகள் றுஷ்னாவுக்கு வந்தது படிப்பை விடுகிற அளவு வருத்தமில்லை. ஜனவரியிலேயே அவள் அந்தப் படிப்பை விட்டுவிட்டு, கொழும்புப் பக்கம் மென்பொருள் பழகப் போய்விட்டாள். விலகல் கடிதத்தைக் கொடுக்காதே, மெடிக்கல் கொடுத்துப் பெயரை வைத்துக்கொள் என்று அவளுக்குச் சொன்னவள் நான். அப்போது உன்னைப் பற்றி எனக்குத் தெரியாது. அது மட்டும்தான் எனக்குச் சாதகமாக நான் சொல்லக்கூடியது.

உன் கடிதம் வந்தபோது தெரிந்துவிட்டது. ஒரு வரி எழுதியிருந்தால் அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள், நீ இப்போது கம்பஸ் வகுப்பில் இருந்திருப்பாய். நான் எழுதவில்லை. "இரண்டு பேருடைய பெயரும் பதிவில் இருக்கிறது" என்று உனக்கு எழுதினேன். அதில் பொய் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மார்ச்சில் அவள் தனக்கு அடுத்து யார் என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு திகதி போகும்வரை இருந்தேன். அவளுடைய பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் நடுத்தெருவில் நின்றால் ராத்தாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தேன். உன் முகத்தைக் கிழமைக்கு ஒருதரம் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை நினைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்பது எனக்கு இலகுவாக இருக்கும், உனக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் கேட்கிறேன்.

வகுப்புக்கு இனி நீ வராவிட்டால் எனக்கு விளங்கும். குறிப்புகளை உன் நானாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஜெமீலா

*

பள்ளிவாசல்துறை,
29.05.2025

டீச்சருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு சனிக்கிழமை நான் வராததற்கு அதுதான் காரணம், பஸ் இல்லாமல் இல்லை.

றுஷ்னா ராத்தா மறுபடி போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். அவரோடு எனக்குக் கோபம் வரவில்லை. "அங்கயாவது ஒழுங்காப் படிங்க ராத்தா, ரெண்டு இடத்தையும் வீணாக்காதீங்க" என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

நான் அவருக்காகச் செய்த துஆவை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. சுகமாகித் திரும்பி வர வேண்டும் என்று கேட்டேன். அந்த இடம் எனக்கு வரக்கூடாது என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டிருக்கிறேன்.

குறிப்புகளை நானாவிடம் அனுப்ப வேண்டாம். புத்தளத்தில் வேறு யாராவது மீட்டல் வகுப்பு எடுக்கிறார்களா என்று விசாரித்தேன். எடுக்கிறார்கள், ஆனால் உங்களைப் போல் படிப்பிக்கிற ஆள் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். மூன்று தடவைதான் எழுதலாம், எனக்கு இது கடைசி முறை. ஆகவே உங்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது. வருகிற சனிக்கிழமை வருவேன். பாடத்தில் விளங்காததைக் கேட்பேன். வேறொன்றும் கேட்க மாட்டேன், நீங்களும் என்னை நிறுத்தி வைத்துக் கதைக்க வேண்டாம்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இடம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். வாப்பா, "டீச்சரால ஏலுமெண்டா செய்யாம விட்டிருப்பாவா?" என்றார். ஓம் என்றேன். இந்தக் கடிதம் எழுதுவதைப் பார்த்துவிட்டு, உங்களுக்குச் சலாம் எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

ஷஃபீனா